ஃபைரிஷ் குன்றில் ஒரு நாகப்பட்டினத்து வாயில்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில், இன்வர்னெஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் எவன்டன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. ஊருக்கு ஒரு பக்கம் கிளாஸ் ஆறு, மறுபக்கம் ஸ்கீயாக் ஆறு. இரண்டும் சற்றுத் தள்ளிக் குரோமார்ட்டி கடற்கழியில் போய்ச் சேர்கின்றன. கிளாஸ் ஆறு ஊரை எட்டுவதற்கு முன், முப்பது மீட்டருக்கும் மேல் ஆழமான, மிகக் குறுகலான பாறைப் பிளவு ஒன்றின் அடியில் பாய்ந்து வருகிறது. ஊரின் வடகிழக்கில் காடும் மேய்ச்சல் நிலமும் சூழ நோவர் மாளிகை. அதற்கு மேலே 453 மீட்டர் உயரத்தில் ஃபைரிஷ் குன்று. குன்றின் உச்சியில் கல்லால் கட்டிய வாயில் ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் கோட்டை எதுவும் கிடையாது. அந்த வாயில், நாகப்பட்டினம் கோட்டை வாயிலைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று அந்தப் பகுதியில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள்.

கட்டியவர் ஹெக்டர் மன்ரோ, நோவர் பண்ணையின் உரிமையாளர். மன்ரோ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்ரோ. அவர் வேறு, இவர் வேறு. கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் 1780-இல் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்து இறங்கியபோது, ஹெக்டர் அங்கே படைத்தலைவர். அந்த ஆண்டு காஞ்சிபுரத்தில் இவருடைய படையில்தான் அந்த இளைஞர் இருந்தார். பிற்பாடு தாமஸின் பெயர் தமிழ்நாட்டில் நிலைத்தது; ஹெக்டரின் பெயர் ஏறக்குறைய மறைந்தது. மறந்திருக்கக் கூடாத பெயர் அது. பாண்டிச்சேரி, காஞ்சிபுரம், நாகப்பட்டினம் என்று மூன்று தமிழ் ஊர்களின் வரலாற்றில் அவர் கை பட்டிருக்கிறது.

ஹெக்டர் பிறந்தது 1726-இல். மன்ரோ குலத்தின் தலைமை வீடு எவன்டனுக்கு அருகிலுள்ள ஃபவுலிஸ் கோட்டை. நோவர் அந்தக் குலத்தின் கிளைக் குடும்பம் ஒன்றின் சொத்து. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் விளைச்சல் குறைவு. அங்கிருந்து வெளியே போன முக்கியமான சரக்கு படைவீரர்கள். 1745-இல் ஸ்டூவர்ட் இளவரசருக்காக மேட்டுநிலத்தார் பலர் கிளர்ந்தபோது மன்ரோக்கள் லண்டன் அரசின் பக்கம் நின்றார்கள். அதன்பின் பேரரசின் படையில் அவர்களுக்குக் கதவுகள் எளிதாகத் திறந்தன.

1764-இல் பீகாரில் அவர் செய்த இரண்டு காரியங்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது 24 பேருக்கு மரண தண்டனை விதிக்கச் செய்து, பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்தார். சில வாரங்களில், அக்டோபர் மாதம், பக்சார் போரில் மீர் காசிம், அவத் நவாப், முகலாயப் பேரரசர் ஆகிய மூவரின் கூட்டுப் படையை முறியடித்தார். வங்காளத்தின் வரி வசூல் கம்பெனியின் கைக்குப் போக வழிவகுத்த வெற்றி அதுதான். ஊர் திரும்பியபோது அவர் பணக்காரர். 1768-இல் இன்வர்னெஸ் நகரங்களின் தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்த இடம் அவரிடமே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த நோவர் வீடு விரிந்தது, தோட்டங்கள் அமைந்தன, மரங்கள் நடப்பட்டன. நோவரின் செழிப்பில் இந்தியப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மறுபடி இந்தியா வந்தபோது அவர் சென்னைப் படைக்குத் தலைவர். 1778 அக்டோபரில் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அவரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ‘சர்’ பட்டம். அதற்கடுத்த ஆண்டு அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வி.

1780 கோடையில் ஹைதர் அலி பெரும்படையுடன் மலை இறங்கி ஆர்க்காட்டுச் சீமைக்குள் வந்தார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் வில்லியம் பெய்லி ஒரு படைப்பிரிவோடு வந்துகொண்டிருந்தார். இரு படைகளும் காஞ்சிபுரத்தில் சேரவேண்டும் என்பது மன்ரோவின் திட்டம். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து பெய்லி பல நாள் அக்கரையிலேயே நின்றுவிட்டார். கடந்து வந்ததும் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். மன்ரோ ஆயிரம் பேரை உதவிக்கு அனுப்பினார். தாம் காஞ்சியை விட்டு நகரவில்லை. உணவுப் பொருள்களும் கனரகப் பீரங்கிகளும் அங்கே இருந்தன என்பது அவர் தரப்பு நியாயம். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில், காஞ்சியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில், பெய்லியின் படை அழிந்தது. ஒருகாலத்தில் பல்லவரும் சாளுக்கியரும் மோதிய அதே புள்ளலூர்தான். பீரங்கி ஓசை கேட்டு மன்ரோ காலையில் படையைக் கிளப்பினார். தோல்விச் செய்தி எட்டியதும் திரும்பினார். கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். அதுவரை இந்தியாவில் ஆங்கிலேயர் கண்ட மிக மோசமான தோல்வி இது என்று அந்தத் தலைமுறையினர் எழுதினார்கள். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இதைப் பெரும் ஓவியமாகத் தீட்ட வைத்தார்.

பெய்லியோடு சிக்கியவர்களில் மெக்லியோட் பிரபுவின் மேட்டுநிலப் படையணியைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகள் இருந்தன. அந்தப் படையணியை ஆள் சேர்த்து உருவாக்கியது எவன்டன் இருக்கும் ராஸ் மாவட்டத்திலும் அதைச் சுற்றிய நாட்டுப்புறங்களிலும். பெய்லியும் இன்வர்னெஸ் பக்கத்துக்காரர். அவர் 1782-இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அவர்களுக்கு உதவிக்குப் போயிருக்க வேண்டியவரும் அதே மண்ணின் மனிதர். புள்ளலூரில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள். தெலுங்கும் தமிழும் பேசிய அவர்களின் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கவில்லை.

இதற்குப் பிறகு வங்காளத்திலிருந்து ஐர் கூட் வந்து தலைமையை எடுத்துக்கொண்டார். மன்ரோ அவருக்குக் கீழே பரங்கிப்பேட்டைப் போரில் நல்ல பெயர் எடுத்தாலும், காஞ்சிபுரத்தின் களங்கம் போகவில்லை. நாகப்பட்டினம்தான் அவர் பெயரை மீட்டது.

1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்த துறைமுகம் அது. 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தை அங்கே மாற்றி, கோட்டையைப் பெருக்கினார்கள். 1780 இறுதியில் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூண்டதும், இங்கே டச்சுக்காரர்கள் ஹைதரோடு கைகோத்தார்கள். 1781 அக்டோபர் பிற்பகுதியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸின் கப்பல்களிலிருந்து மாலுமிகளும் கடற்படை வீரர்களும் நாகூர்க் கரையில் இறங்கினார்கள். தஞ்சையிலிருந்து வந்த படையும் சேர, தலைமை மன்ரோவிடம் வந்தது. உள்ளே இருந்த காவற்படை, முற்றுகையிட்டவர்களைவிட எண்ணிக்கையில் பெரியது. ஆனாலும் மூன்று வாரத்தில், நவம்பர் 12 அன்று, கோட்டை சரணடைந்தது. ஹியூஸ் அங்கிருந்து நேரே திருகோணமலைக்குப் போய் 1782 ஜனவரியில் அதையும் பிடித்தார். 1784 உடன்படிக்கையில் டச்சுக்காரர்களுக்குப் பல இடங்கள் திரும்பக் கிடைத்தன. நாகப்பட்டினம் மட்டும் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது.

மன்ரோ 1782-இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். ஃபைரிஷ் வாயில் எழுந்தது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். 1782 என்ற ஆண்டே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. தூண்கள் வரிசையாக நிற்க, நடுவே வளைவுகள். கரடுமுரடான கல், நுணுக்க வேலைப்பாடு எதுவும் இல்லை. பக்கத்துக் குன்றுகளிலும் இதோடு சேர்ந்த சிறிய கட்டுமானங்கள் உண்டு. மலையடிவாரச் சாலையிலிருந்து பார்த்தால் நகரத்துக் கோட்டையொன்றின் நிழலுருவம்போலத் தெரியவேண்டும் என்பதே கட்டியவரின் நோக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வாசலைப் பார்த்து வரைந்தார், வரைந்தாரா, நினைவிலிருந்து சொன்னாரா என்பதெல்லாம் வேறு கேள்விகள். சாயல் துல்லியமாக இல்லாவிட்டாலும், தமிழ்க் கடற்கரையில் பெற்ற வெற்றியைத் தன் வீட்டுச் சன்னலிலிருந்து நாளும் பார்க்க விரும்பிய மனிதர் ஒருவர் இருந்தார் என்பது உறுதி.

இந்த வாயிலைப் பற்றி அந்தப் பகுதியில் வழங்கும் கதை மன்ரோவின் இரக்கத்தைப் பேசுகிறது. வேலையில்லாமல் தவித்த ஏழைகளுக்குக் கூலி கொடுப்பதற்காகவே அவர் இதைக் கட்டினாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று இரவில் தாமே மேலே போய்க் கற்களைக் கீழே உருட்டிவிட்டாராம். மறுநாள் அதே கற்களைத் தூக்கி வர மறுபடி கூலி. 1782-இல் ஸ்காட்லாந்தில் விளைச்சல் பொய்த்து, மறு ஆண்டு மேட்டுநிலத்தில் கடும் பசி நிலவியது உண்மை. அரசு அனுப்பிய பட்டாணி மாவை உண்டு பிழைத்ததால் மக்கள் அந்த ஆண்டுக்கு அதன் பெயரையே வைத்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கூலி கிடைத்தது பெரிய ஆறுதல்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கூலிப் பணத்தின் வழியைப் பின்தொடர்ந்து போனால் அது மற்றொரு பசியில் போய் நிற்கிறது. 1780 முதல் 1784 வரை நடந்த அந்தப் போர் சென்னையைச் சுற்றிய கிராமங்களையும் தஞ்சைச் சீமையையும் சூறையாடியது. வயல்களையும் ஏரிகளையும் அழித்தது ஹைதரின் உத்தி; இருக்கிற நெல்லைப் படைக்கென்று வாரிக்கொண்டது கம்பெனியும் ஆர்க்காட்டு நவாபும் செய்த வேலை. தஞ்சாவூரில் மக்கள் தெருவில் விழுந்து இறந்ததையும், முன்கூட்டி நெல் வாங்கி வைத்திருந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் கஞ்சி ஊற்றியதையும் அவருடைய கடிதங்கள் சொல்கின்றன. சென்னையிலும் பஞ்சம். மன்ரோ பிடித்த நாகப்பட்டினத்துக்குப் பின்னால் கிடந்தது அந்தத் தஞ்சை. ஃபைரிஷ் வாயிலை ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட கட்டடம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பாதிக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

மறுபாதிக் கணக்கு அவர்களுடைய சொந்த மலைக்குள்ளேயே இருக்கிறது. ஃபைரிஷுக்குப் பின்னால், வடமேற்கில், ஸ்ட்ராத்ரஸ்டேல் பள்ளத்தாக்கு. அதற்கு மேலே கில்டெர்மோரி. கில்டெர்மோரி மன்ரோவின் நிலம். அங்கே பள்ளத்தாக்கு மக்களின் மாடுகள் தலைமுறைகளாகக் கோடையில் மேய்ந்து வந்தன. தெற்கிலிருந்து வந்த பெரிய இன ஆடுகள் குடியானவர்களைவிட அதிக வாடகை தரும் என்று மேட்டுநில நிலவுடைமையாளர்கள் கண்டுகொண்ட காலம் அது. மன்ரோ கில்டெர்மோரியை லோக்காபர் பக்கத்துக் கேமரன் சகோதரர்களுக்கு ஆட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விட்டார். எல்லை தாண்டி வந்த மாடுகளைக் கேமரன்கள் பட்டியில் அடைத்தார்கள், மக்கள் போய் மீட்டார்கள், கைகலப்பு நடந்தது. 1792 ஜூலைக் கடைசியில் ஸ்ட்ராத்ரஸ்டேலில் ஒரு கல்யாண வீட்டில் கூடியவர்கள் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ராஸிலும் சதர்லாந்திலும் உள்ள ஆடுகள் அனைத்தையும் ஓட்டிக்கொண்டு போய் மாவட்ட எல்லைக்கு வெளியே விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் சுமார் 6,000 ஆடுகள் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. யாரையும் கொல்லவில்லை, எந்த வீட்டையும் கொளுத்தவில்லை.

பிரெஞ்சுப் புரட்சி கண்டு நடுங்கிக்கொண்டிருந்த அரசுக்கு இது கலகமாகவே பட்டது. ஷெரிஃப் டொனால்டு மெக்லியோட் படையைக் கேட்டார். இன்வர்னெஸுக்கு அருகிலுள்ள ஜார்ஜ் கோட்டையிலிருந்து 42-ஆம் மேட்டுநிலப் படையணியின் மூன்று கம்பெனிகள் வந்தன. அந்தப் படையணியின் கர்னல் பதவியை 1787 முதல் வகித்தவர் வேறு யாருமில்லை, ஹெக்டர் மன்ரோதான். ஆகஸ்டு முதல் வாரம் பக்கத்து ஊரான ஆல்னெஸுக்கு மேலேயுள்ள போத் என்ற இடத்தில் இரவில் வீரர்கள் போய்ச் சேர்ந்தபோது, ஆடுகளை விட்டுவிட்டு மக்கள் கலைந்திருந்தார்கள். பிடிபட்டவர்கள் மீது இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. இருவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அவர்கள் சிறையிலிருந்து தப்பிப் போனார்கள், உள்ளூர்க்காரர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. கேலிக் மொழி பேசுவோர் 1792-ஐ ‘ஆட்டு வருஷம்’ என்றே நினைவில் வைத்தார்கள். குன்றின்மேல் கல் சுமந்து கூலி வாங்கியவர்களும், பத்தாண்டு கழித்து ஆடு ஓட்டியதற்காக ஓட ஓட விரட்டப்பட்டவர்களும் ஒரே வட்டாரத்துக் குடும்பங்கள். ஓர் ஊரின் வரலாற்றை மாளிகையிலிருந்து எழுதுவதற்கும் பள்ளத்தாக்கிலிருந்து எழுதுவதற்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது.

அதே ஆண்டு டிசம்பரில் மன்ரோவின் மகன் ஒருவர் வங்காளத்துச் சாகர் தீவில் புலி தாக்கி இறந்தார். விழுந்து கிடக்கும் ஐரோப்பியனைக் கடிக்கும் மரப்புலி, திப்புவுக்காகச் செய்யப்பட்டது, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் தோற்றோடிய தளபதியின் மகனுடைய சாவுதான் அதற்குத் தூண்டுதல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். திப்புவின் சின்னமே புலி. அதனால் அப்படி ஒரு பொம்மை வேறு காரணமின்றியும் தோன்றியிருக்கலாம். எப்படியானாலும் பிள்ளையை இழந்த தகப்பனின் துயரம் பொய்யில்லை. மன்ரோ 1805 டிசம்பரில் நோவரில் காலமானார்.

எவன்டன் என்ற ஊர் பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஸ்கீயாக் பாலத்தருகே டிரம்மண்ட் என்ற பழைய குடியிருப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்துப் பண்ணை உரிமையாளரான அலெக்சாண்டர் ஃபிரேசர், தரிசாகக் கிடந்த நிலத்தில் நேரான தெருக்கள் போட்டு, மனை பிரித்து, புது ஊர் அமைத்தார். தம் மகன் எவன் பெயரை வைத்தார். மேட்டுநிலம் முழுவதும் அந்நாளில் இப்படித் திட்டமிட்ட ஊர்கள் எழுந்தன. பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடந்த குடும்பங்களை ஒரு தெருவுக்குக் கொண்டுவந்து, கைத்தொழிலில் அமர்த்தி, உள்நிலத்தை ஆடுகளுக்கு விடுவது அந்தக் காலத்தின் சிந்தனை. இன்று ஊருக்கு வெளியே ஆற்றோரம் நடப்பவர்கள் ரசிக்கும் அமைதிக்குப் பின்னால் அந்த ஏற்பாடு இருக்கிறது.

இடம்பெயர்ந்தவர்களும் இடம்பெயர்த்தவர்களும் கடல் கடந்து போனார்கள். தென் அமெரிக்காவின் கயானாவில், பெர்பிஸ் கடற்கரையில், ஃபைரிஷ், ஆல்னெஸ், கில்டேர்ன் என்ற பெயர்களில் ஊர்கள் இன்றும் உண்டு. ராஸ் மாவட்டத்துத் தோட்ட முதலாளிகள், ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்த தங்கள் தோட்டங்களுக்குச் சூட்டிய பெயர்கள் அவை. அடிமை முறை ஒழிந்த பிறகு ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து வந்தார்கள். அவர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் இருந்தார்கள். பெர்பிஸ் பகுதியில் அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு இன்னும் நடக்கிறது.

நோவர் சொத்து கடைசியில் ஹெக்டரின் தம்பி மகன் ஹியூ மன்ரோவிடம் வந்தது. கலை வரலாற்றில் பெரிய பெயர் இவருடையது. ஓவியர் டர்னரின் நண்பர். 1836-இல் இருவரும் ஆல்ப்ஸ் மலைக்குச் சேர்ந்து பயணம் போனார்கள். 1839-இல் இவர் வாங்கிய டர்னரின் ரோம் ஓவியம் ஒன்று 2010-இல் ஏறக்குறைய 3 கோடி பவுண்டுக்கு ஏலம் போய், இப்போது அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகக் குறிப்புகளில் நோவர் என்ற சொல் நல்ல ரசனையின் முத்திரை. ஆனால் 1820-இல் வடக்கே கல்ரெய்ன் என்ற இடத்தில், இதே ஹியூவின் நிலத்திலிருந்த குடும்பங்களை ஆடுகளுக்காக வெளியேற்ற ஆணைகள் போயின. ஆணை கொண்டுவந்தவர்களைப் பெண்கள் முன்னால் நின்று அடித்துத் துரத்தினார்கள். படையோடு வந்தபோதும் கல்லெறிந்து எதிர்த்தார்கள். அந்தப் படையைக் கூட்டி வந்த ஷெரிஃப், 1792-இல் வந்த அதே டொனால்டு மெக்லியோட். கடைசியில் நிலம் ஆடுகளுக்குத்தான் போயிற்று.

பிற்கால நோவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரொனால்டு மன்ரோ ஃபெர்குசன் முதல் உலகப்போர்க் காலத்தில் ஆஸ்திரேலியாவின் தலைமை ஆளுநராக இருந்தார், பிறகு நோவர் பிரபு ஆனார். காடு வளர்ப்பில் உண்மையான ஈடுபாடு கொண்டவர். எவன்டனுக்கு வந்த ரயில் நிலையத்துக்கு நெடுங்காலம் ‘நோவர்’ என்றே பெயர். ஊரின் பெயர் பிற்பாடுதான் பலகையில் ஏறியது. 1990-களின் இறுதியில் நோவர் மலைகளில் காற்றாலைகள் வந்தன. ஊரையொட்டிய காடு ஒன்று இப்போது ஊர்மக்களின் பொதுச் சொத்து. நிலம் சில குடும்பங்களின் கையிலேயே இருந்துவந்த ஒரு நாட்டில் அது சிறிய செய்தி இல்லை.

நம் பக்கம் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் டச்சுக் காலத்துக் கல்லறைகளும் தேவாலயமும் இருக்கின்றன. கோட்டையின் வாயில் என்று சுட்டிக்காட்ட எதுவும் நிற்கவில்லை. ஆனால் டச்சுக் கம்பெனி வரைந்த நாகப்பட்டினக் கோட்டைப் படங்கள் ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஃபைரிஷ் வாயிலை எவரும் போய் அளக்கலாம். அது திறந்த மலை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் நாகப்பட்டினம் எவ்வளவு, மன்ரோவின் கற்பனை எவ்வளவு என்று தீர்த்துவிடலாம். நாகை, தஞ்சைப் பகுதிக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்களும், டச்சு ஆவணங்களைப் படிக்கப் பழகிய ஆய்வாளர்களும் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்யும்போது தஞ்சைப் பஞ்சத்தையும் ஸ்ட்ராத்ரஸ்டேல் மக்களையும் அதே கட்டுரையில் சேர்த்து எழுதுங்கள்.